சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

அக்டோபர் 10 உலக மனநல நாள். அந்த வாரத்தில் நம் கல்லூரி அரங்குகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மனநல மருத்துவரோ உளவியல் பேராசிரியரோ ஒரு மணி நேரம் பேசுவார். முன்வரிசையில் துறைத் தலைவர்கள், பின்னால் வகுப்புவாரியாக அழைத்து வரப்பட்ட மாணவர்கள். ஓர் உறுதிமொழி, ஒரு குழுப்படம், ஒரு கருத்துப் படிவம். வருகைப் பதிவும் படங்களும் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புக்குப் போய்ச் சேரும். நடத்துகிறவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தால் எந்த மாணவருக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

இப்போது பார்த்தே ஆக வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஐ.ஐ.டி. டெல்லியில் இரு மாணவர்கள் இறந்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான இன்னொரு வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தகுதியுள்ள ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும்; ஆசிரியர்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும்; உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இனி இதற்கெல்லாம் பணமும் வேலை நேரமும் செலவாகும். எதற்குச் செலவிட்டால் பயனுண்டு, எது வெறும் கணக்குக்கு என்பதைச் சான்றுகளை வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

பிரச்சினையின் அளவில் ஐயமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. பள்ளி மாணவரையும் கல்லூரி மாணவரையும் ஒன்றாகச் சேர்த்த எண் இது. இறந்தவர்களை மட்டும் எண்ணும் இந்தக் கணக்கில், தூக்கமின்றி, வகுப்புக்குப் போகாமல், விடுதி அறையில் சுருண்டு கிடக்கும் பல மடங்கு பெரிய கூட்டம் வராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றது. கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

விழிப்புணர்வின் நோக்கம் என்ன என்று கேட்டால் நான்கு பதில்கள் ஒன்றாகக் கலந்து வரும்: அறிவு பெருகும், கூச்சம் குறையும், உதவி தேடி வருவார்கள், உயிர்கள் காக்கப்படும். முதலிரண்டும் நடந்தால் மற்ற இரண்டும் தானாக நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லா நிகழ்ச்சிகளும் ஓடுகின்றன. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 32 கல்லூரிகளில் அப்படி ஒரு சோதனை நடந்தது. விடுதிகளில் இளைய மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தரவில்லை. யாருக்குத் தருவது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. சாரா லிப்சனும் டேனியல் ஐசன்பெர்க்கும் சகாக்களும் 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு அறிவு கூடியிருந்தது. தவிப்பில் இருப்பவரை அடையாளம் காண முடியும், உதவ முடியும் என்ற தன்னம்பிக்கையும் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் பொறுப்பில் இருந்த மாணவர்கள் சிகிச்சையையோ ஆலோசனையையோ நாடுவது கூடவில்லை. அதாவது, பயிற்சி முடிந்ததும் தரும் கருத்துப் படிவத்தில் இந்தத் திட்டம் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். யாருக்காக நடத்தினார்களோ அவர்களிடம் போய்ப் பார்த்தால் மாற்றம் இல்லை.

இதை மட்டும் வைத்துப் பயிற்சிகளை ஒதுக்கிவிட முடியாது. 2004இல் அமெரிக்காவில் வந்த காரெட் லீ ஸ்மித் நினைவுச் சட்டத்தின்கீழ், மாநிலங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இளையோர் தற்கொலைத் தடுப்பு நிதி கிடைத்தது. பயிற்சிகள் நடந்த பகுதிகளில் அடுத்த ஓராண்டில் இளையோர் தற்கொலை குறைந்திருந்ததை மதிப்பீடுகள் காட்டின. தொடக்க மதிப்பீடுகளில் அதற்கு அடுத்த ஆண்டு அந்தப் பயன் தெரியவில்லை. அங்கு பயிற்சி தனியாக நடக்கவில்லை. பரிசோதனை, மருத்துவத் தொடர்பு, சமூக அமைப்புகள் ஆகியவற்றோடு சேர்ந்து நடந்தது. தொடர்ந்து செய்தால், அதற்குப் பின் மாணவர் போவதற்கு ஓர் இடம் இருந்தால், பயிற்சிக்கு வேலை உண்டு. இந்த அளவுக்கே நான் ஒப்புக்கொள்வேன்.

மாணவர்களிடமே நேராகப் பேசுவது பற்றி நமக்குக் கிடைத்துள்ள வலுவான சான்று ஐரோப்பாவிலிருந்து வருகிறது. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். டானுடா வாசர்மன் தலைமையிலான குழு 2015இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டது. மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று, ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி. இரண்டு, கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்புவது. மூன்று, நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம் மாணவர்களோடு நடக்கும் அமர்வுகள். இந்த மூன்றாவதில் பாதிக்கு மேற்பட்ட நேரம், வீட்டுச் சண்டை, காதல் முறிவு, நண்பனின் மனச்சோர்வு போன்ற நிலைமைகளை மாணவர்களே நடித்துப் பார்த்துப் பேசுவதில் போனது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எந்த வழிக்கும் வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு மாதம் கழித்து, மூன்றாவது வழியில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 14 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 34 பேர். விழுக்காட்டில் 0.70க்கு எதிராக 1.51. ஆசிரியர் பயிற்சியும் கேள்வித்தாள் வழிக் கண்டறிதலும் ஒப்பீட்டுக் குழுவைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. அந்த மாணவர்களின் சராசரி வயது 15 என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பியப் பள்ளியில் பலித்தது திருவண்ணாமலைக் கலைக் கல்லூரியில் அப்படியே பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் இரண்டு பாடங்கள் வயதைத் தாண்டி நிற்கின்றன என்பது என் கணிப்பு. பயன் கேட்பதால் வரவில்லை, சொந்த வாயால் பேசிப் பார்ப்பதால் வந்தது. அது தெரிய ஓராண்டு ஆனது. நிகழ்ச்சி முடிந்த கையோடு நிரப்பப்படும் படிவத்தில் அது தெரிந்திருக்கவே முடியாது.

இத்தகைய திட்டங்களை யார் நடத்தினால் பலிக்கும் என்ற அடுத்த கேள்விக்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்த விவாதங்களில் பிகார் ஆய்வு அடிபடாமல் போவது எனக்கு வருத்தம். நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில், விக்ரம் பட்டேல், சச்சின் ஷிண்டே உள்ளிட்டோர் 'ஸேஹர்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். 2018இல் அதுவும் 'லான்செட்' இதழில் வந்தது. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் அங்குள்ள ஆசிரியரிடமே கொடுத்தார்கள். சில பள்ளிகளில் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். அவர் மனநல மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ அல்லர். பயிற்சி தரப்பட்ட சாதாரண மனிதர். அவர் இருந்த பள்ளிகளில் மாணவர்கள் சூழலை நல்லதாக உணர்ந்தார்கள். மனச்சோர்வும் அடாவடியும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில், அரசின் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை.

ஆசிரியர்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. பாடத்தை முடிப்பது, விடைத்தாள் திருத்துவது, ஆயிரம் படிவம் நிரப்புவது என்று ஏற்கெனவே சுமை ஏறியவர்மேல் இன்னொன்றை ஏற்றினால் அது கீழே விழத்தான் செய்யும். கல்லூரியில் நிலைமை இன்னும் கடினம். இன்டர்னல் மார்க் போடுகிறவரும் அட்டென்டன்ஸ் குறிக்கிறவரும் ஒருவரே. அவரிடம் போய், மூன்று வாரமாக எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஒரு பையன் எப்படிச் சொல்வான்? 'மென்டர்' என்று முப்பது மாணவருக்கு ஒரு பேராசிரியரை ஒதுக்கி, கையெழுத்து வாங்கும் நோட்டு ஒன்றைத் தருவது இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. ஊழியர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி என்ற வழிகாட்டுதல், சான்றுகளின்படி, நீதிமன்ற உத்தரவின் பலவீனமான பகுதி. எளிதாக நடத்தி எளிதாகக் கணக்குக் காட்டலாம் என்பதால் நிர்வாகங்கள் முதலில் பிடித்துக்கொள்ளப் போவதும் அதைத்தான்.

எதிர்த் தரப்பிலிருந்து ஒரு கனமான வாதம் வருகிறது. விழிப்புணர்வு கூடக்கூட, சாதாரணச் சோகத்தையும் தேர்வுப் பதற்றத்தையும் இளைஞர்கள் நோயாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள், அப்படிப் பார்ப்பதே அவர்களைச் சோர்வாக்குகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் லூசி ஃபோல்க்ஸும் ஜாக் ஆண்ட்ரூஸும் 2023இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம், மனக்கவனப் பயிற்சியைச் சோதித்திருந்தது. வழக்கமாக நடப்பதைவிட அது மேலானதாக இல்லை. எல்லோருக்கும் ஒரே மருந்து என்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் இந்த எச்சரிக்கையை அப்படியே இங்கே இறக்குமதி செய்வது தவறாகிவிடும். நோய்ப் பெயர்கள் மிகுந்து சிகிச்சை மெலிந்த ஒரு சமூகத்தின் கவலை அது. நம் கல்லூரிகளில் இன்ஸ்டாகிராமைப் பார்த்துத் தனக்குத் தானே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளும் நகர்ப்புற மாணவியும் இருக்கிறார். தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, சாப்பாடு இறங்கல என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, இதற்கு உதவி உண்டு என்றே தெரியாமல் இருக்கும் முதல் தலைமுறை மாணவரும் இருக்கிறார். முதலாமவருக்கு மேடைப்பேச்சு மிகை, இரண்டாமவருக்கு அது புரியாத மொழி. இருவரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரே ஸ்லைடைக் காட்டுவதில்தான் கோளாறு.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் அது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது; கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அதே ஆண்டு டிசம்பரில், மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிப் பிற கல்லூரிகளுக்கும் விரிக்கும் எண்ணத்தோடு 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு அறிவித்தது. மாணவர்களையே உறுப்பினராகக் கொண்ட மன்றம் என்ற யோசனை சான்றுகளோடு ஒத்துப்போகிறது. மன்றம் கோலப்போட்டியும் வாசகப்போட்டியும் நடத்துவதோடு நிற்குமா, சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் இடமாக வளருமா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

ஆலோசகர் விஷயத்துக்கு வருவோம். நீதிமன்ற உத்தரவிலேயே மிக முக்கியமான வரி இதுதான். கவனமாக எடைபோட வேண்டியதும் இதுதான். '100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைந்தது ஒருவர்' என்பது 150 பேர் படிக்கும் நிறுவனத்துக்கும் 4,000 பேர் படிக்கும் கல்லூரிக்கும் ஒரே அளவு. 4,000 பேரில் இருபதில் ஒருவர் உதவி தேடி வருகிறார் என்று வையுங்கள்: 200 பேர். ஒருவருக்கு நான்கு அமர்வு என்றால் 800. ஆண்டுக்கு 180 வேலை நாள், நாளுக்கு ஐந்து அமர்வு என்று ஓய்வின்றி உழைத்தாலும் 900தான் முடியும். விடுதிக்குப் போவது, சிறு குழு அமர்வு நடத்துவது, மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைத் தொடர்வது எதற்கும் நேரம் மிஞ்சாது. ஆயிரம் முதல் 1,500 மாணவருக்கு ஒருவர் என்று பன்னாட்டு ஆலோசனைச் சேவைகள் சங்கம் சொல்லிவந்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மேலும், அந்த ஒருவர் வாரம் இருமுறை வந்துபோகும் தொகுப்பூதியக்காரராக இருந்தால், மாணவர் நம்பிப் பேசத் தொடங்கும்போது அவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

எண்ணிக்கையைவிடவும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. சொன்னது யார் காதுக்குப் போகும்? ஆலோசகர் ஹெச்.ஓ.டி.யிடம் சொல்ல, ஹெச்.ஓ.டி. பெற்றோரைக் கூப்பிட, அடுத்த நாள் அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து அலுவலக வாசலில் நிற்பார் என்றால், காதலைப் பற்றியோ சாதியைச் சொல்லிக் கேலி செய்கிறவர்களைப் பற்றியோ தன் பாலுணர்வைப் பற்றியோ எந்த மாணவரும் வாய் திறக்க மாட்டார். இப்படி ஒரே ஒரு முறை நடந்தால் போதும், மாலைக்குள் விடுதி முழுவதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தக் கதவை யாரும் தட்டப் போவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற, சட்டம் குறிப்பிடும் சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. எப்போது, யாரிடம் மட்டும் சொல்லப்படும் என்பதைக் கல்லூரி தன் விதியில் எழுதி, முதல் நாளே மாணவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். கல்லூரிக்குள் இருக்கும் எந்தச் சுவரொட்டியைவிடவும் பயனுள்ள விழிப்புணர்வு அதுவே.

இதுவரை பேசியதெல்லாம் மாணவரின் மனதைப் பற்றி. கல்லூரியின் விதிகளைப் பற்றி விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் வாய் திறப்பதில்லை. நான்கு அரியர் சேர்ந்துவிட்ட பொறியியல் மாணவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்து என்ன வழி என்று உட்கார்ந்து பேச ஆளில்லை. மனச்சோர்வால் வகுப்புக்கு வராத மாணவரின் அட்டென்டன்ஸ் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் நின்றுவிடுகிறது. காய்ச்சலுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நீளும் கை, மனநல மருத்துவரின் சான்றிதழைப் பார்த்ததும் தயங்குகிறது. கல்விக் கட்டணம் கட்டாதவரை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயர் வாசிக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் பணம் அதிகம் தேவைப்படாத, நிர்வாகம் நினைத்தால் மாற்றக்கூடிய விஷயங்கள்.

விதி மாறினால் உயிர் பிழைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே மீண்டும் எழுத வழி வேண்டும் என்று அரசிடம் வாதாடியது. தோல்விக்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு வந்தது. தோற்ற பிள்ளையிடம் தைரியமாக இரு என்று சொல்வதோடு நிற்காமல், அதே ஆண்டிலேயே இன்னொரு வாய்ப்பைக் கையில் கொடுத்த மாற்றம் அது. கல்லூரி மட்டத்தில் அதற்கு இணையான ஒன்றை நாம் இன்னும் பெரிதாக யோசிக்கவில்லை.

என் முடிவு இதுதான். ஆண்டுக்கொரு அரங்கப் பேச்சை விட்டுவிடலாம். அதனால் யாருக்கும் இழப்பில்லை. ஊழியர் பயிற்சி இருக்கட்டும், ஆனால் ஆலோசகரும் மருத்துவத் தொடர்பும் அமைந்த பிறகு, குறைந்த எதிர்பார்ப்போடு, விடுதிக் காப்பாளர், நூலகர், உணவகப் பொறுப்பாளர் என்று மாணவரை அன்றாடம் பார்க்கிறவர்களிடமிருந்து தொடங்கட்டும். முதலாண்டில் இருபது முப்பது பேராகப் பிரித்து, மதிப்பெண் போடாத வெளியாள் ஒருவர் தமிழில் நடத்தும் சில வார அமர்வுகளுக்குப் பணம் செலவிடத் தகும். அதையும் சில கல்லூரிகளில் முறையாகச் சோதித்து, ஓராண்டு கழித்துப் பார்த்த பிறகே விரிக்க வேண்டும். நடந்த பயிற்சிகளையும் பரிந்துரைத்து அனுப்பிய மாணவர்களையும் எண்ணி நீதிமன்ற உத்தரவின்படி ஆண்டறிக்கை தரும் முறையோடு வேறு எண்களையும் கேட்க வேண்டும்: உதவி கேட்ட நாளுக்கும் முதல் அமர்வுக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், விடுப்பில் போனவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் எந்தக் கல்லூரியும் நாளையே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வில் சென்னையும் கொழும்பும் இருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஒரு மணி நேரம் விளக்கிப் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான். 2008இல் வெளியான முடிவின்படி, அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு.

தற்கொலை முயற்சிக்குப் பிறகு திரும்பும் மாணவரைப் பல கல்லூரிகள் எதிர்கொள்ளும் முறை இதற்கு நேர்மாறானது. பெற்றோரிடம் உறுதிப் பத்திரம் கேட்கிறார்கள். விடுதி அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒரு செமஸ்டர் வீட்டிலிருந்துவிட்டு வரட்டும் என்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. சட்டம் கைவிட்ட தண்டனையைக் கல்லூரி அலுவலகம் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாணவருக்கு அவருடைய அறையும் வகுப்பும் அப்படியே இருக்கட்டும். ஒன்றரை ஆண்டுக்கு ஒன்பது முறை அவரைக் கூப்பிட்டுப் பேசும் பொறுப்பை, பெயர் குறிப்பிட்டு, ஒருவரிடம் எழுத்தில் ஒப்படைக்கட்டும்.